குசினிக்குள் எட்டிப் பார்க்காத பச்சை

போன மழைக்காலத்தில் இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குக் காற்றை அளக்கப் போயிருந்தேன். விடிய ஐந்து மணி. பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு, போகுமுன் ரொட்டி சுட வேண்டுமே, எல்லா வீட்டிலும் அடுப்பு எரிகிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கூரை முழுக்கப் புகை. என் கைபேசிச் செயலியோ, அந்த இடத்துக் காற்று 'நல்லது' என்று பச்சை காட்டியது.

செயலி பொய் சொல்லவில்லை. அளவீட்டு நிலையம் இல்லாத ஊர்களுக்குப் பல செயலிகள் கணினி மாதிரியின் கணிப்பைத்தான் காட்டுகின்றன. ஐரோப்பாவின் கொப்பர்னிக்கஸ் உலக மாதிரி பூமியைச் சுமார் 40 கிலோமீற்றர் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. நேர்கோட்டில் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் தூரம். 500 மீற்றரில் கிண்ணம்போலக் கிடக்கும் கண்டிக்கும் 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள ஏற்ற இறக்கமெல்லாம் அதில் ஒரு சராசரி மேடு, அவ்வளவுதான். விடியற்காலையில் குளிர்காற்று பள்ளத்தில் தங்கிவிடும், மேலே சூடான காற்று மூடியாக உட்காரும், வெயில் ஏறும்வரை புகை நகராது. இதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் எப்படி அடங்கும்?

இன்னொரு சிக்கல் உள்ளீட்டில் இருக்கிறது. எவ்வளவு விறகு எரிகிறது, ஒரு கிலோவுக்கு எவ்வளவு கரி, அதாவது புகையிலுள்ள கறுப்புத் துகள், வெளியேறும் என்ற ஊகங்களைத்தான் மாதிரிக்குக் கொடுக்கிறோம். இந்தக் கணக்கு இரண்டு மடங்கு பிழைத்தாலும் துறையில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 2022இல் எரிவாயு இல்லாமல் எத்தனை வீடுகள் விறகுக்குத் திரும்பின! பழைய கணக்கை வைத்திருக்கும் மாதிரிக்கு அது தெரிந்திருக்காது.

சரி, அளந்தால் தெரிந்துவிடுமா? மலிவான ஒளி உணரிகள் பனிமூட்டத்தின் நீர்த்துளியையும் தூசு என்று எண்ணிவிடும். நம் மலையில் இது சின்னக் குறையல்ல. ஈரப்பதன் திருத்தம் செய்யாத அளவீட்டை நான் அறிக்கையில் சேர்ப்பதில்லை.

துகளின் எடை தெரிந்தாலும் அது என்ன துகள் என்று தெரியாது. அதற்குக் காற்றை உறிஞ்சித் துகளைப் பிடிக்கும் வடிதாளைப் பார்க்க வேண்டும். பஸ் நிலையத்தில் வைத்த வடிதாள் கறுப்பு, டீசல் கரி. அந்த லயத்து வீடு ஒன்றின் குசினியில் வைத்தது சாயத்தேநீர் நிறம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்து வெட்டிய குச்சிதான் மிலார். அது ஈரமாக இருந்து சுடர்விடாமல் புகைந்தால் வெளிவருவது பெரும்பாலும் சேதனக் காபன், முழுதாக எரியாத விறகின் காபன் சேர்மங்கள். கரி எல்லா நிற ஒளியையும் விழுங்கும், இந்தப் பழுப்புக் காபன் நீலத்தையும் புறஊதாவையும்தான் கூடுதலாக விழுங்கும். எத்தலோமீற்றர் என்ற கருவி இந்த வித்தியாசத்தைத்தான் பயன்படுத்துகிறது: 880 நானோமீற்றரில் கரியைக் கணக்கிடும், 370இல் மிகையாகத் தெரிவது விறகுப் புகையின் அடையாளம். ஆய்வுகூடத்தில் வேறு வழி. வடிதாளை ஹீலியத்தில் சூடாக்கினால் சேதனக் காபன் கிளம்பிவிடும், பிறகு ஒட்சிசன் விட்டால் கரி எரியும். ஆனால் சேதனத்திலும் ஒரு பகுதி சூட்டில் கருகிக் கரியாகிவிடும். அதை லேசர் கொண்டு திருத்துகிறார்கள். சூடாக்கும் முறை மாறினால் ஒரே தாளுக்கு வேறு விடை வரும். எந்த முறை என்று சொல்லாமல் கரியின் அளவைச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீற்றருக்கு மேற்படாத நுண்துகளுக்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டல் அளவை ஒரு கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. வீட்டுப் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாகவும் அது கணக்கிட்டது. முதலில் மூச்சு வாங்குவது அடுப்படியில் நிற்கும் பெண்ணும் அவள் இடுப்பிலிருக்கும் பிள்ளையும்தான். புகைபோக்கி வைத்தால் உள்ளே குறையும், உண்மை. ஆனால் காம்பராக்கள் ஒட்டிக்கிடக்கும் லயத்தில் அந்தப் புகை அடுத்த வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில்தான் இறங்கும். மிலாரைக் கூரைக்கடியில் அடுக்கி நன்றாகக் காயவைத்து எரித்தால் புகையே குறையும், செலவும் இல்லை.

கருவியைக் கழற்றப் போன அன்று, அளவீடு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறதே என்று அந்த வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மிஸ், நீங்க மெசின் வச்சிருக்கீங்களேன்னு இந்த ரெண்டு நாளும் காஞ்ச வெறகுதான் போட்டோம்."

கருவியை மறுபடி மாட்டிவிட்டு, இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும் என்று சொல்லி வந்தேன்.