வீட்டுக்கு ஒரு சின்ன மேசை ரேடியோ வாங்குகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் ஒரு பத்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள்

போன மாதம் ஒரு தம்பி புத்தம்புது ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தார். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அட்டைப்பெட்டி அப்படியே இருந்தது. "அண்ணே, இதுல ரிப்பேர்னு எதுவும் இல்ல, நல்லாத்தான் பாடுது, ஆனா அம்மா இதக் கேட்கவே மாட்டேங்கிறாங்க, சத்தம் வருது வார்த்தை வரலைங்கிறாங்க, என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார்.

அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முன்பக்கம் பார்த்தால் இடமும் வலமுமாக இரண்டு பெரிய வட்டச் சல்லடை. பின்பக்கத்துத் திருகாணி நான்கையும் கழற்றி விரித்துப் பார்த்தேன். இடது சல்லடைக்குப் பின்னால் இரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. வலது சல்லடைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி, அவ்வளவுதான். கையில் தூக்கினால் கனமாகத் தெரிவதற்காக அடியில் ஒரு இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். புளூடூத், மெமரி கார்டு, டார்ச் லைட், பாட்டுக்கு ஏற்ப மினுங்கும் கலர் லைட் எல்லாம் உண்டு. நியூஸ் வாசிக்கிறவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும்தான் புரியாது.

திண்டுக்கல்லில் 25 வருடத்துக்கு மேலாக ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரி பெட்டிகள் இப்போது வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது, அதில் பெரும்பாலானவை வயதான அப்பா அம்மாவுக்காகப் பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுத்தவை. "எனக்குத்தான் காது போச்சு போல" என்று அவர்கள் அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள், அதைக் கேட்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். காது போகவில்லை, வாங்கின ரேடியோதான் சரியில்லை.

முதலில் ஸ்பீக்கரைச் சொல்லிவிடுகிறேன், முக்கால்வாசி விஷயம் அதில்தான் இருக்கிறது. வீட்டில் மேசை மேல் வைத்துக் கேட்க நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒன்று போதும், மூன்று அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். "இதில் ரெண்டு ஸ்பீக்கர் சார், ஸ்டீரியோ" என்று கடைக்காரர் சொல்லுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டைச் சேர்த்தாலும் நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் பரப்பில் பாதிதான் வரும். அதுவும் ஒரே சின்னப் பெட்டிக்குள் ஒரு சாண் இடைவெளியில் இரண்டும் இருந்தால் கட்டிலில் படுத்துக் கேட்கிறவருக்கு இடம் வலம் எதுவும் பிரிந்து தெரியாது. அதே காசில் நல்ல காகிதக் கோன் (அதிர்ந்து சத்தம் தருகிற கூம்பு) உள்ள ஒற்றை ஸ்பீக்கர் செட் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். அமெரிக்காவில் ஹென்றி க்ளாஸ் என்கிற வடிவமைப்பாளர் 2000ஆம் ஆண்டு வாக்கில் டிவோலி மாடல் ஒன் என்று ஒரு சின்ன மேசை ரேடியோ செய்தார், அதில் மூன்று அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, பெட்டி மரம். அந்த அளவுப் பெட்டியிலிருந்து அவ்வளவு நல்ல சத்தம் வருமா என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். சின்னதாக இருந்தால் சத்தம் மட்டமாகத்தான் இருக்கும் என்பதில்லை.

அப்புறம் வாட் கணக்கு. அட்டையில் 40 வாட், 100 வாட் என்று போட்டிருப்பதை நம்பவே வேண்டாம். செட்டோடு வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 5 வோல்ட் 1 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே போகிற கரண்டே மொத்தம் 5 வாட்தான், அதிலிருந்து 40 வாட் எப்படித் தொடர்ந்து வெளியே வரும்? இந்தச் சின்னப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி. அதிலிருந்து நேராக 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாக 2 வாட்கூட வராது. சரி, 2 வாட் குறைச்சலா என்றால் அதுவும் இல்லை. ஸ்பீக்கர் நல்லதாக இருந்தால் ஒரு படுக்கையறைக்கு 1 வாட் தாராளம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் ஏறுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவே.

அந்த அம்மாவுக்கு வார்த்தை ஏன் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயதாகும்போது கூர்மையான ஒலிகள்தான் காதுக்கு முதலில் குறையும். 'த', 'ட', 'ச', 'ப' மாதிரி எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்தக் கூர்மையான ஒலிதான். சின்ன ஸ்பீக்கரில் 'பேஸ் பூஸ்ட்' என்று அடித்தொண்டைச் சத்தத்தை ஏற்றிவிட்டால் அது மற்றதை மூடிவிடும், பத்து எது பட்டு எது என்று தெரியாமல் போய்விடும். கடையில் சினிமாப் பாட்டு போட்டுக் காட்டும்போது அது தும் தும்மென்று நன்றாகத்தான் இருக்கும். அதனால் பாட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். செய்தியோ பேட்டியோ ஓடுகிற ஸ்டேஷனை வைத்து, சத்தத்தை நன்றாகக் குறைத்து, ஆறடி தள்ளி நின்று கேளுங்கள். பேசுவது பெண்குரலாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வார்த்தையும் சிரமமில்லாமல் புரிகிறதா? அது டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தால் அந்த செட் வேண்டாம். அடுத்து சத்தத்தை முக்கால் அளவுக்கு ஏற்றி, பெட்டி மேல் உள்ளங்கையை வையுங்கள். பிளாஸ்டிக் அதிர்ந்து கிர்ர் என்றால் வீட்டுக்குப் போனதும் அந்தக் கிர்ர் பெரிதாகத்தான் கேட்கும்.

சத்தத்தை ஒரே ஒரு படி வைத்தும் பாருங்கள். பட்டன் வைத்த செட்டுகள் சிலவற்றில் முதல் படியே நடுராத்திரிக்கு அதிகம். திருகுகிற குமிழ் இருந்தால் அந்தத் தொல்லை கிடையாது, விரல் நடுங்குகிறவர்களுக்கும் அதுதான் சுலபம்.

இன்னொன்று, இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். செட் பாடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகச் சொல்லுங்கள். நல்ல செட் விட்ட இடத்திலிருந்தே பாடும். சில செட்டுகள் கரண்ட் போய் வந்தால் புளூடூத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, இங்கிலீஷில் சத்தமாக ஏதோ அறிவிக்கும். பையன் ஊரிலிருந்து வரும்வரை அந்த ரேடியோ மூலையில் கிடக்கும். நம் ஊரில் கரண்ட் போகாத நாள் உண்டா?

என்ன ஸ்டேஷன் கேட்பார்கள் என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கொடைக்கானல் பண்பலை 100.5. மலை மேலிருந்து வருவதால் தென்மாவட்டங்கள் பலவற்றில் நன்றாக எடுக்கும், சாதாரண செட்டே போதும். ஏரியல் குச்சியை முழுதாக இழுத்தால் முக்கால் மீட்டர் நீளம் இருப்பது நல்லது, பண்பலைக்குப் பொருத்தமான நீளம் அதுதான். மீடியம் வேவ், அதாவது ஏஎம், கேட்கிறவர் என்றால் விஷயமே வேறு. அதற்கு அந்தக் குச்சியால் பிரயோஜனம் இல்லை, பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் ராடுதான், அதாவது செம்புக் கம்பி சுற்றிய கறுப்புக் குச்சிதான் ஏரியல். விரல் நீளத் துண்டு ராடு போட்ட செட்டில் பக்கத்து ஊர் ஸ்டேஷனே இருமிக்கொண்டுதான் வரும். ஸ்டேஷனை வைத்துவிட்டுச் செட்டையே மெதுவாகச் சுற்றித் திருப்பினால் ஒரு திசையில் சத்தம் தெளிவாகும், இன்னொரு திசையில் அமுங்கும். தெளிவாகிற திசையில் அப்படியே விட்டுவிடுங்கள். பல ஊர்களில் மீடியம் வேவ் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டு வருகிறார்கள் என்பதால், உங்கள் ஸ்டேஷன் இப்போதும் அதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு அப்புறம் வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் செட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவருக்கு அமெரிக்காவில் இருக்கும் மகள் அருமையான டிஜிட்டல் ரேடியோ ஒன்று அனுப்பியிருந்தார். திருச்சி 936 மட்டும் எப்படி வைத்தாலும் நசுங்கின குரலில் வந்தது. காரணம் சின்னதுதான். நம் நாட்டில் மீடியம் வேவ் ஸ்டேஷன்கள் 9, 9 கிலோஹெர்ட்ஸாகத் தாண்டும், அமெரிக்காவில் 10, 10ஆகத் தாண்டும். அந்த செட் 930இல் நிற்கும், அடுத்து 940க்குப் போய்விடும், 936 அதன் கணக்கிலேயே கிடையாது. பேட்டரி பெட்டிக்குள் 9/10 என்று ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது, தள்ளிவிட்டேன், ஸ்டேஷன் கணீரென்று வந்தது. எல்லா செட்டிலும் அந்த சுவிட்ச் இருக்காது. அமெரிக்க செட் 110 வோல்ட்டுக்கு மட்டும் என்று போட்டிருந்தால் நம் 230இல் தயவுசெய்து நேராகச் சொருகிவிடாதீர்கள். ஜப்பானுக்கென்று செய்த பழைய செட்டுகளில் பண்பலை 76இலிருந்து 90 வரைதான் இருக்கும், நம் ஸ்டேஷன்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரே கொரகொர என்றால் உடனே செட்டைக் குறை சொல்லாதீர்கள். மலிவான எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே மீடியம் வேவில் இரைச்சலைக் கொட்டும். செட்டை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் எதிரி வீட்டுக்குள்தான் இருக்கிறது, ஒவ்வொரு பல்பாகப் போட்டுப் பார்த்தால் எது என்று பிடிபட்டுவிடும். மீடியம் வேவுக்குப் போன் சார்ஜர் மாதிரி அடாப்டரைவிடப் செல்லுக்குப் பதிலாகக் கரண்டில் ஓட்டுகிற, பழைய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த எலிமினேட்டர் அமைதியாக இருக்கும், அல்லது பெரிய செல் போட்டுக் கேட்கலாம். செல் போட்டால் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே கசிந்து ஸ்பிரிங் பச்சை பூத்து வருகிற செட்டுகள்தான் என்னிடம் அதிகம்.

பீரோ மேலும் ஃப்ரிட்ஜ் மேலும் வைக்காதீர்கள், தகரமும் சேர்ந்து அதிரும். மரப்பலகை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, முடிந்தால் ஜன்னல் பக்கம்.

அந்தத் தம்பியிடம், "வீட்ல பழைய ரேடியோ எதுவும் இல்லையா?" என்று கேட்டேன். பரணில் அப்பா வாங்கினது ஒன்று கிடக்கிறது, வேலை செய்யவில்லை என்றார். எடுத்து வரச் சொன்னேன். மரக் கேபினட், நான்கு அங்குல ஸ்பீக்கர், பண்பலையும் இருந்தது. காகிதக் கோன் கிழியவே இல்லை. போனது இரண்டு விஷயம்தான். பவர் சப்ளையில் இருந்த பெரிய கண்டென்சர் காய்ந்துபோய் ஹம்மிங் அடித்தது, முள்ளை நகர்த்துகிற டயல் நூல் அறுந்திருந்தது. இரண்டையும் மாற்றி, வால்யூம் கண்ட்ரோலைச் சுத்தம் செய்து, மறுநாள் நானே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா ஸ்டேஷன் தேடிச் சிரமப்பட வேண்டாம் என்று டயல் கண்ணாடியில் 100.5 வருகிற இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். முள் அந்தப் பொட்டுக்கு வந்ததும் ஏதோ பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சத்தத்தைக் கூட்டவில்லை, இருந்ததையும் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.