பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்கிறது, நங்கூரம் ஏறவில்லை

படகில் நங்கூரச் சங்கிலியை இழுக்கும் மின் வின்ச் நின்றுவிட்டால் முதலில் பழி விழுவது மோட்டார் மேல்தான். அதைக் கழற்றிச் சென்னைப் புதுப்பேட்டையில் செல்ஃப் மோட்டார் பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனால், மேஜைமேல் பேட்டரியில் மாட்டியதும் ஜம்மென்று ஓடுகிறது. திரும்பப் படகில் பூட்டினால் பழையபடி ‘டக்’. பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட். பேட்டரி, மோட்டார் இரண்டுமே சரி என்றால் கோளாறு எங்கே? நடுவில் இருக்கிறது. பெரும்பாலான நேரம் அங்கேதான் இருக்கும்.

காசிமேட்டு விசைப்படகுகளில் வலை இழுக்கும் வின்ச் எஞ்சின் விசையில் ஓடுவது. இங்கே சொல்வது வேறு. பாய்மரப் படகு, உல்லாசப் படகு, ஆய்வுப் படகு போன்றவற்றில் அணியத்தில், அதாவது முன்முனையில், பொருத்தியிருக்கும் 12 அல்லது 24 வோல்ட் டிசி வின்ச். கார் செல்ஃப் மோட்டாருக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. 1,000 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் சுமார் 83 ஆம்பியர் இழுக்கும். நங்கூரம் சேற்றில் பிடித்துக்கொண்டால் 100 தாண்டும். இவ்வளவு மின்னோட்டத்தைக் காலால் அழுத்தும் ஸ்விட்ச் தாங்காது. அதனால் ஸ்விட்ச் சோலினாய்டு என்ற மின்காந்த ஸ்விட்ச்சை மட்டும் இழுக்கிறது. அதற்குள் இருக்கும் செப்புத் தட்டு இரண்டு கனமான முனைகளை இணைத்து மோட்டாருக்கு வழி விடுகிறது. காதில் விழும் ‘டக்’ அந்தத் தட்டு நகரும் சத்தம். தட்டு நகர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி, மின்சாரம் போனது என்பதற்கு அல்ல.

100 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 0.02 ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் சரியாகக் காட்டக்கூட முடியாத சின்ன எண். ஆனால் 2 வோல்ட்டை 100 ஆம்பியரால் பெருக்கினால் 200 வாட். ஒரே ஒரு பச்சை பிடித்த லக்குக்குள் (வயர் நுனியில் அழுத்தியிருக்கும் உலோக வளையம்) அத்தனை சூடு. ஆகவே இந்த வேலையில் ஓம் பார்ப்பதும், பட்டனை அழுத்தாமல் வோல்ட் பார்ப்பதும் வீண். மின்னோட்டமே இல்லாதபோது துருப்பிடித்த இணைப்பும் 12.6 காட்டும். ஒருவர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் மீட்டர் வைக்க வேண்டும்.

அதற்கு முன் நங்கூரச் சங்கிலியைச் சக்கரத்திலிருந்து விடுவித்து, தனிக் கயிற்றில் கட்டிவிடுங்கள். சோதனை நடுவே வின்ச் திடீரென்று உயிர் பெறும். அப்போது விரல் சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கக் கூடாது.

முதல் அளவு மோட்டாரின் கனமான முனைகளில். பட்டன் அழுத்தியிருக்கும்போது அங்கே 10.5 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் சத்தமே போடாமல், பேட்டரி வோல்ட்டும் இறங்காமல் இருந்தால் மோட்டாருக்குள் பாதை அறுந்திருக்கிறது. அநேகமாகக் கார்பன் பிரஷ், அதாவது சுற்றும் பகுதியை உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு. பேட்டரி வோல்ட் மளமளவென்று சரிந்து மோட்டார் உறுமினால், ஒன்று பேட்டரி வலுவிழந்துவிட்டது, இல்லையென்றால் எங்கோ இறுகிச் சிக்கியிருக்கிறது. மோட்டாரில் 8, 9 வோல்ட்தான் வருகிறது, பேட்டரியில் மட்டும் 12 நிற்கிறது என்றால் மீதி 3 வோல்ட்டை வழியில் யாரோ தின்கிறார்கள்.

அந்தத் திருடனைப் பிடிப்பது சுலபம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தூணில், மறு முனையை அதே தூணில் மாட்டிய லக்கில் வையுங்கள். நல்ல இணைப்பில் இது 0.1 வோல்ட்டைத் தாண்டாது. பிறகு சர்க்யூட் பிரேக்கரின் இரு முனை, சோலினாய்டின் இரு கனமான முனை என்று ஒவ்வொன்றாக நகருங்கள். எங்கே 0.5, 1, 2 என்று எகிறுகிறதோ அதுதான் இடம். சோலினாய்டின் குறுக்கே முழு 12 வோல்ட்டும் காட்டினால் உள்ளே தட்டு கருகிவிட்டது. நெகட்டிவ் பக்கத்தை மறக்காதீர்கள். போன மின்னோட்டம் முழுதும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும், ஆனால் பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலும் சிவப்பு வயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வயரின் பருமனே குறைவாக இருந்தாலும் இதே கதை. பேட்டரி பின்னால், வின்ச் முன்னால்; 10 மீட்டர் தூரம் என்றால் போக வர 20 மீட்டர். 35 ஸ்கொயர் எம்எம் செப்பு வயரில் 100 ஆம்பியருக்குச் சுமார் 1 வோல்ட் குறையும், சகிக்கலாம். காசு மிச்சம் என்று 10 ஸ்கொயர் எம்எம் இழுத்திருந்தால் மூன்றரை வோல்ட் காலி.

லக்கை வெளியிலிருந்து பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. சந்தேகமான ஒன்றைக் கழற்றி, கழுத்துக்குக் கீழே ஒரு விரல்கடை அளவு ரப்பரைக் கத்தியால் சீவிப் பாருங்கள். செப்பு இழைகள் செம்மையாக இருக்க வேண்டும். கருப்பாக, தொட்டால் பச்சைப் பொடி உதிர்ந்தால், உப்பு ஈரம் இழைகளுக்கிடையே நுண்துளை வழி ஏறுவதுபோல் ஏறியிருக்கிறது. கருப்பு முடியும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் அழுத்த வேண்டும். சில நேரம் ஒரு முழம் வரை வெட்ட வேண்டியிருக்கும். வெள்ளீயம் பூசிய இழை வயர் விலை கூடுதல்தான், ஆனால் சென்னைக் கடற்காற்றுக்கு அதுதான் தாங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நிற்கிற படகு மாதிரி, ஓடாமல் சும்மா கிடக்கிற படகில்தான் இந்தப் பச்சை அதிகம் விளைகிறது.

‘டக்’ சத்தமே இல்லையென்றால் கதை வேறு, சின்னது. மெல்லிய வயர் பக்கம் பாருங்கள்: கட்டுப்பாட்டுச் சுற்றின் சிறு ஃபியூஸ், கால் ஸ்விட்ச்சின் வெடித்த ரப்பர் மூடி, உள்ளே தேங்கிய தண்ணீர். ஸ்விட்ச்சின் இரு முனைகளை ஒரு துண்டு வயரால் தொடுத்தால் ‘டக்’ வருகிறதா? ஸ்விட்ச்தான் குற்றவாளி. இறங்குகிறது, ஏறவில்லை என்றால் சோலினாய்டுக்கு வரும் இரண்டு மெல்லிய வயர்களை இடம் மாற்றுங்கள். இப்போது ‘இறக்கு’ பட்டன் வேலை செய்யாமல் ‘ஏற்று’ பட்டனில் சங்கிலி இறங்கும் திசையில் ஓடினால் ஸ்விட்ச் நல்லது, சோலினாய்டோ அதற்கு அப்புறமோ கோளாறு. ‘ஏற்று’ இன்னும் செத்தே கிடந்தால் ஸ்விட்ச்சோ அதன் வயரோ.

மோட்டாரை மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் ஓடினால், பிரஷ் அதன் கூட்டுக்குள் துருவில் சிக்கியிருக்கிறது என்று பொருள். தட்டித் தட்டியே வருஷத்தை ஓட்டுபவர்கள் உண்டு. நிரந்தரக் காந்தம் ஒட்டிய மோட்டாரில் சுத்தியல் பட்டால் காந்தமே விரிசல் விடும், அதோடு முடிந்தது. பிரஷ் புதுசில் இருந்த நீளத்தில் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பிரஷ் உரசும் செப்பு உருளையான கம்யூட்டேட்டரை நைஸ் உப்புத்தாளால் துடைக்கலாம். எமரித் துணி வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தி இடுக்குகளில் தங்கிவிடும். மோட்டாருக்குள் எண்ணெய் வழிந்திருந்தால் கியர்பாக்ஸ் சீல் போய்விட்டது. கியர் ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

மோட்டார் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் மின்சாரத்தைத் தேட வேண்டாம். கிளட்ச் நட்டு தளர்ந்திருக்கும், அல்லது தண்டின் சாவி (தண்டையும் சக்கரத்தையும் பிணைக்கும் சிறு உலோகத் துண்டு) அறுந்திருக்கும்.

பிரேக்கர் அடிக்கடி விழுவதற்கு ஒரு சூழ்ச்சியான காரணமும் உண்டு. அதன் முனைத் திருகு தளர்ந்தால் அங்கே சூடு. அந்தச் சூடு உள்ளே இருக்கிற ஈருலோகப் பட்டையை வளைத்துவிடும். ஓவர்லோடு என்று நினைத்துப் பெரிய பிரேக்கர் போடுவார்கள், வயர் எரியும்.

சிக்கிய நங்கூரத்தோடு மல்லுக்கட்டிப் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதும் அதே வகைத் தவறு. சுற்றும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுற்று நின்றால் அந்தக் கடிவாளம் இல்லை. சுருளின் சொற்பத் தடை மட்டுமே மிச்சம், மின்னோட்டம் பல மடங்கு பாயும். எஞ்சினை ஓட்டிப் படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுபோய், சங்கிலி தொங்கும் எடையை மட்டும் வின்ச்சிடம் கொடுக்க வேண்டும். எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர் 13.8 வோல்ட் பக்கம் தாங்கிப் பிடிக்கும், அது கூடுதல் லாபம்.

பழுது முடிந்ததும் வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் மாட்டி ஓடும் ஆம்பியரைப் பாருங்கள். ரிச்சி தெருவில் வாங்கும்போது டிசி ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானவற்றில் பல ஏசி மட்டுமே அளக்கும், வின்ச் வயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். வந்த எண்ணையும் தேதியையும் சங்கிலி அறை மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவைத்தால், அடுத்த பழுதில் ஒப்பிட ஓர் அளவு கையில் இருக்கும்.