'நன்றி: இணையம்' என்று போட்டால் போதுமா?

காரைக்குடியில் கல்லூரிகளுக்கும் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் பாடநூல் வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. வருகிற வேர்டு கோப்புகளில் பாதி ஸ்கிரீன்ஷாட்தான், அதற்குக் கீழே தவறாமல் ஒரு வரி: நன்றி: இணையம். இணையம் யார், அவர் எப்போது அனுமதி கொடுத்தார் என்று கேட்டால், "பாடத்துக்குத்தானே சார், சட்டத்திலேயே விலக்கு இருக்கே" என்பார்கள்.

இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின்போது ஒரு படைப்பைப் படி எடுக்கலாம், வினாத்தாளிலும் போடலாம் என்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் போட்ட வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தாராளமாகவே விளக்கியது. 'பத்து சதவீதம் வரை எடுக்கலாம்' என்று ஊரில் உலவும் கணக்குக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை, பாடத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. ஆனால் அதே பக்கங்களுக்கு அட்டை போட்டு, விலை அச்சடித்து, தேவகோட்டைக் கடை வரை விற்பனைக்கு அனுப்பிவிட்டு அந்த விலக்கைக் காட்டினால் எடுபடும் என்று நம்பாதீர்கள். நன்றி சொல்வது வேறு, அனுமதி வாங்குவது வேறு.

ஸ்கிரீன்ஷாட்டில் இன்னொரு சிக்கல், ஒரே படத்துக்குள் பல பேருடைய சொத்து இருக்கும். சுற்றுலாப் பாடத்துக்குக் கானாடுகாத்தான் வீடு ஒன்றின் படம் வேண்டும் என்று விடுதி முன்பதிவுப் பக்கத்தைத் திரையோடு பிடித்து அனுப்புகிறார்கள். கட்டடத்தைப் படம் எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் அந்தப் புகைப்படம் எடுத்தவருடையது, அவர் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும். பக்கத்தின் வடிவமைப்பு, லோகோ, ஓரத்து விளம்பரம் எல்லாம் வேறு வேறு ஆட்களுடையவை. இங்கேயே இருக்கிற வீட்டுக்கு எதற்கு இந்த வம்பு? வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு போனில் எடுங்கள். ஆத்தங்குடிக்குப் போனால் தரை ஓடு செய்யக் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றுவதையே எடுத்துவரலாம், இணையத்தில் கிடைப்பதைவிட நன்றாகவும் இருக்கும்.

வரைபடத்தில் கீழ் மூலையில், அது யாருடையது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்குமே, அதை அழகாக இல்லை என்று வெட்டிவிடுகிறார்கள். கூகுள் வரைபடம் என்றால் அந்த வரி தெரிந்தே ஆக வேண்டும். பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் இலவசம், பங்களிப்பாளர்கள் பெயரில் குறிப்பும் உரிமச் சுட்டியும் போட்டுவிட வேண்டும். மென்பொருள் திரைகளுக்கு அந்தந்த நிறுவனமே விதி வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் உரிமைக் குறிப்பு கேட்கிறது, உள்ளே மூன்றாமவர் படைப்பு இருக்கக் கூடாது என்கிறது.

அப்புறம் படக்குறிப்பு. 'படம் 4.2: மெனு' என்றால் யாருக்கு என்ன தெரியும்? 'லிப்ரெஆபிஸ் கால்க் 7.6, வடிகட்டிப் பெட்டி, ஜனவரி 2025இல் எடுத்தது, அம்புக்குறி நாங்கள் சேர்த்தது' என்று எழுதுங்கள். பதிப்பு எண் இல்லாவிட்டால், புது கணினியில் அந்த மெனுவைக் காணோம் என்று மாணவன் முழிப்பான். 'சிவப்புப் பொத்தானை அழுத்தவும்' என்று எழுதி ஒற்றை வண்ண ஆஃப்செட்டில் அடிக்கிற கொடுமையும் நடக்கிறது, பக்கம் முழுக்கச் சாம்பல் பொத்தான்கள். எண் போட்டுக் காட்டுவதுதான் வழி.

கணக்குப் பாடத்துக்கு உண்மையான கடையின் லெட்ஜரைப் போடவே போடாதீர்கள். வாடிக்கையாளர் பெயர், ஜிஎஸ்டி எண், பாக்கித் தொகை எல்லாம் அதில் வரும். வேர்டில் வெட்டிவிட்டேனே என்றால், மறுபடி கிராப் கருவியை எடுத்து ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வெட்டிய பகுதி அப்படியே திரும்ப வரும். அதை நிரந்தரமாக நீக்கத் தனிக் கட்டளை இருக்கிறது. மேலே வைத்த கறுப்புக் கட்டத்தையும் ஒரு கிளிக்கில் எடுத்துவிடலாம். மாதிரி நிறுவனம் ஒன்று உருவாக்கி, கற்பனைப் பெயர் கொடுத்து எடுங்கள், கால் மணி நேர வேலை.

இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் மூலக் கோப்பும், அனுமதி மின்னஞ்சல் அல்லது உரிமப் பக்கமும் ஒரே ஃபோல்டரில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வராத படத்துக்கு வெற்றுக் கட்டம் விட்டுப் புரூஃப் அனுப்புவேன், பார்த்த அன்றே போன் வந்துவிடுகிறது.