ஸ்ட்ரைக்கர் ஏன் காயின் பின்னாலேயே ஓடுகிறது?

சேலம் அம்மாபேட்டை, குகைப் பக்கம் சாயங்காலத்தில் போனால், ஏதாவது ஒரு கேரம் போர்டைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். குழிக்கு நேராக நிற்கும் காயை ஒரு பையன் ஓங்கி அடிக்கிறான். காய் விழுகிறது, பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் விழுகிறது. "ஓங்கி அடிக்காத கண்ணு, மெதுவாத் தட்டு" என்பார் பக்கத்தில் நிற்கும் பெரியவர். கையில் குறையில்லை, எல்லாம் எடை செய்யும் வேலை.

போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. காய் 5 கிராம் சொச்சம். ஆக, ஒன்றுக்கு மூன்று. ஸ்ட்ரைக்கர் 100 என்ற வேகத்தில் வந்து காயை நேராக மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் வீணாகாத மீட்சி மோதலில் இரண்டும் எந்த வேகத்தில் நெருங்கினவோ அதே வேகத்தில் விலகும். மொத்த உந்தமும், அதாவது எடையை வேகத்தால் பெருக்கி வரும் அளவும், மாறாது. இந்த இரண்டுக்கும் பொருந்தும் விடை ஒன்றுதான்: ஸ்ட்ரைக்கர் 50, காய் 150. சரிபார்க்கலாம்: 15×100 என்பதும், 15×50 + 5×150 என்பதும் 1500தான்.

அடித்ததைவிட அடிபட்டது வேகமாகப் போகிறது! ஸ்ட்ரைக்கரை இன்னும் கனமாக்கினாலும், நின்றிருக்கும் காயின் வேகம் 200ஐத் தாண்டாது. சம எடையுள்ள காயும் காயும் நேராக மோதினால், வந்தது அப்படியே நின்றுவிடும், நின்றது கிளம்பும். லேசானது கனமானதில் மோதினால்தான் திரும்பி வரும். ஸ்ட்ரைக்கர் ஒற்றைக் காயில் பட்டுத் திரும்பாது. எந்தக் கோணத்தில் பட்டாலும், உராய்வை விட்டுவிட்டால், சுமார் 19 டிகிரிக்கு மேல் பாதை விலகாது.

இதே கணக்குதான் 1932இல் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் ஜேம்ஸ் சாட்விக்குக்கும் கைகொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் ஹைட்ரஜன் அணுக்கருவையும், அதைப்போல 14 மடங்கு கனமான நைட்ரஜன் அணுக்கருவையும் தள்ளும் வேகங்களை ஒப்பிட்டார். ஹைட்ரஜன் ஏறக்குறைய ஏழு மடங்கு வேகமாகப் போனது. அப்படியானால் மோதிய துகள் ஏறத்தாழ ஹைட்ரஜன் கருவின் எடைதான் இருக்க வேண்டும். அதுதான் நியூட்ரான்.

சரி, பெரியவரின் 'மெதுவா'வுக்கு வருவோம். வழுக்கிச் செல்லும் பொருள் நிற்பதற்குள் கடக்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காயின் வேகம் ஸ்ட்ரைக்கரைப்போல மூன்று மடங்கு. எனவே தூரம் ஒன்பது மடங்கு. 45 சென்டிமீட்டர் தள்ளியுள்ள குழிக்குக் காய் போய்ச் சேருமளவுக்கு மட்டும் தட்டினால், ஸ்ட்ரைக்கர் 5 சென்டிமீட்டரில் நின்றுவிடும். ஓங்கி அடித்தால் அதுவும் குழிவரை ஓடும். ஏற்கெனவே போட்ட காயையும் எடுத்துத் திரும்ப வைக்க வேண்டியதுதான்.

நிஜப் போர்டில் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். மோதும்போது வரும் 'டக்' சத்தமும் சூடும் ஆற்றலில் பங்கு கேட்கும். விலகும் வேகம் 100க்குப் பதில் 80 என்றால், ஸ்ட்ரைக்கருக்கு 55, காய்க்கு 135. ஒன்பது மடங்கு ஆறு மடங்காகக் குறைந்துவிடும். ஸ்ட்ரைக்கர் 5க்குப் பதில் ஏழரை சென்டிமீட்டர் போய்த்தான் நிற்கும்.