பசித்த மானுக்கு மூட்டையை அவிழ்த்துக் கொட்டாதீர்கள்

"தீவனம் போட்டோமே, அப்புறம் ஏன் செத்தது?" பனிக்காலம் பாதி கடந்ததும் வடக்கு நார்வே, சுவீடன், பின்லாந்தில் கால்நடை மருத்துவர்களின் காதில் விழும் கேள்வி இது. அங்கே மந்தையாக வளர்க்கும் பனிப்பிரதேச மான்தான் ரெயின்டீர். செத்த ரெயின்டீரின் பெருவயிற்றை, அதாவது அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையைத் திறந்தால் அது காலியாக இருப்பதில்லை. குச்சித் தீவனம் (அரைத்துக் குச்சியாக அழுத்திய பெல்லட்) புளித்த நாற்றத்தோடு கூழாக நிரம்பியிருக்கும். தொடை எலும்பை உடைத்தால் வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டிய மஜ்ஜை சிவந்து ஜெல்லிபோல் நெகிழ்ந்திருக்கும். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த மான் கடைசியில் தீனியால் செத்திருக்கிறது. இந்தப் பனிக்காலத்திலும் இதையே பார்த்துச் சலித்துப்போய் எழுதுகிறேன்.

தீவனமே போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ரெயின்டீருக்குக் குளிர்காலச் சாப்பாடு லைக்கன், அதாவது தரையிலும் மரத்திலும் பாசிபோல் படரும் உயிரி. பனியைக் குளம்பால் தோண்டி அதை எடுக்கும். குளிருக்கு நடுவே மழை பெய்து உறைந்துவிட்டால் தரைக்கு மேல் பனிக்கட்டி மூடி போட்டுவிடும். கீழே லைக்கன் இருந்தும் மானுக்கு எட்டாது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமல் தீபகற்பத்தில் இப்படி மூடியதில் சுமார் 61,000 மான்கள் மாண்டன. அந்த நிலைமையில் கடைத் தீவனம் உயிர் காக்கும். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு லைக்கனில் படிந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருளை மானின் உடலிலிருந்து வெளியேற்ற, அறுப்புக்கு முன் சில வாரம் குச்சித் தீவனத்தில் வளர்த்ததும் பலன் தந்தது. அவை நல்ல உடம்போடு இருந்த மான்கள், பழக்குவதற்கு நேரமும் இருந்தது.

சிக்கல் இந்த ஒரு நினைப்பில்தான்: "எலும்பும் தோலுமாக இருக்கிறது, வயிறு நிறையப் போடு." இதைவிட ஆபத்தான இரக்கம் வேறில்லை. நீங்கள் போடும் தீவனத்தை முதலில் தின்பவை பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். மாதக்கணக்கில் லைக்கனை உடைத்துப் பழகியவை அவை. லைக்கனில் புரதம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். தானிய மாவுச்சத்து கிடையாது. மான் பட்டினி கிடந்தால் அந்த நுண்ணுயிர்களும் செத்துக் குறைந்துவிடும். அந்த வயிற்றில் பார்லியும் ஓட்ஸும் அரைத்துச் செய்த குச்சியை ஒரு கிலோ கொட்டினால், மாவுச்சத்தைப் புளிக்கவைக்கும் கிருமிகள்தான் பெருகும். அமிலம் ஏறும்; 6-க்கு மேல் இருக்க வேண்டிய பி.ஹெச். (அமிலம் ஏற ஏற இறங்கும் அளவு) 5.5-க்குக் கீழே போகும். பொங்கலன்று சோற்றைக் குண்டான் கணக்கில் தின்ற மாடு மறுநாள் படுத்துவிடுவதைத் தமிழ்நாட்டில் பார்த்திருப்பீர்கள். அதே நோய்தான், இங்கே மாடு ஏற்கெனவே பாதி செத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆவலாகத்தானே தின்றது?" ஆமாம், தின்னும். ஆவலாகத் தின்பதை வைத்து அதன் வயிறு தாங்கும் என்று முடிவு கட்டாதீர்கள். விளைவு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். மான் எவ்வளவு மெலிந்திருக்கிறதோ அவ்வளவு குறைவாகத் தொடங்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் மூட்டைதான் முதலில் அவிழ்கிறது.

"தீவனம் எல்லாம் ஒன்றுதானே?" இல்லை. கறவை மாட்டின் அடர்தீவனம், கூடவே நிறையப் புல் தின்னும் மாட்டுக்காகச் செய்தது. மானுக்கென்றே செய்த தீவனம் கிடைக்கிறது, நார்வேயில் ஆர்.எஃப்.-80 என்ற கலவை இதற்காகவே உருவானது. ரொட்டியும் வெறும் தானியமும் தொட்டிக்குள் வரவே கூடாது.

வைக்கோல்போல் முற்றிய புல்லை லாரியில் அனுப்பும் நல்ல மனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரெயின்டீர் மாடு அல்ல. பொறுக்கித் தின்னும் பிராணி. முரட்டு நாரை உடைக்கும் திறன் அதற்குக் குறைவு. முற்றிய புல் பெருவயிற்றிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும், வயிறு பெருத்து மான் பட்டினியால் சாகும். அனுப்புவதானால் இளசாக, இலை மிகுந்த பருவத்தில் அறுத்த புல்லை அனுப்புங்கள். ஊறுகாய்ப் புல் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த சைலேஜ்) என்றால் ஈரம் குறைந்ததாக இருக்கட்டும். ஈரமானது கல்லாக உறைந்துவிடும். பூசணம் பிடித்த கட்டு, மண் கலந்த கட்டு இரண்டையும் வீசிவிடுங்கள். லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி அங்கிருந்துதான் வருகிறது.

சரி, எப்படித் தொடங்குவது? முதல் வாரத்துக்காவது லைக்கன் வேண்டும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் பொருள், அதனால் இலையுதிர் காலத்திலேயே சேர்த்து வைத்திருக்க வேண்டும். (இந்த வடக்கு நாடுகளின் பழங்குடியினரான பழைய சாமி இன மேய்ப்பர்கள் கெட்ட ஆண்டுகளில் தாடி லைக்கன் தொங்கும் மரங்களை வெட்டிப் போட்டார்கள். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.) லைக்கனோடு தலைக்கு 200 முதல் 300 கிராம் குச்சி, அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. சாணம் உருண்டையாக விழுந்தால் இரண்டு நாளுக்கு ஒரு முறை 100, 150 கிராம் கூட்டுங்கள். இளகினால் கூட்டாதீர்கள், முந்தைய அளவுக்கு இறங்குங்கள். வளர்ந்த மானுக்கு முழு அளவு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. அதை எட்ட இரண்டு மூன்று வாரம் ஆகும். மூட்டையின் பிராண்டை மாற்றினாலும் பழையதோடு கலந்தே மாற்றுங்கள்.

தொட்டி எல்லா மானும் ஒரே நேரத்தில் நின்று தின்னும் நீளத்துக்கு இருக்கட்டும். கிடாக்கள் இணைசேரும் பருவம் முடிந்ததும் கொம்பை உதிர்த்துவிடும்; சினைப் பெட்டை கன்று ஈனும் வரை கொம்போடு இருக்கும். தொட்டியில் அதிகாரம் அதற்குத்தான். நீளம் குறைந்த தொட்டியில் பெட்டைகள் மிதமிஞ்சித் தின்று அமில நோயில் விழும், குட்டிகள் ஓரத்தில் நின்று மெலியும். குட்டிகளுக்குத் தனிப் பட்டி அமையுங்கள். மிதிபட்ட பனிமேல் தீவனத்தைச் சிதறவிடாதீர்கள். மணலும் சாணமும் கூடவே உள்ளே போகும்.

தண்ணீரை யாரும் நினைப்பதே இல்லை. லைக்கனில் ஈரம் உண்டு. குச்சி காய்ந்த பொருள். பட்டிக்குள் சுத்தமான பனி தீர்ந்துவிட்டால் தண்ணீர் வைத்தே ஆக வேண்டும்.

தினமும் தொட்டிக்கு வராத மானைத் தேடுங்கள். காது தொங்குவது, அசைபோடாமல் ஒதுங்கி நிற்பது, கழிச்சல், இடப்பக்கம் உப்பல் என எது தெரிந்தாலும் அன்றே குச்சியை நிறுத்தி லைக்கனுக்குத் திரும்புங்கள். நெஞ்சும் அடிவயிறும் ஈரமாக ரோமம் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். காரணம் முழுதாகத் தெளியாத நோய் அது, ஆனால் பலவற்றை லைக்கன் மீட்டிருக்கிறது. கண்ணில் நீர் வழிந்தால், விழி நீலவெள்ளையாக மங்கினால் அந்த மானைப் பிரித்துவையுங்கள். நெரிசலில் அந்தக் கண்நோய் பட்டி முழுக்கப் பரவும். வாயைச் சுற்றிப் புண்ணும் கொப்புளமும் இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மனிதருக்கும் ஒட்டும். ஆடு கட்டிய கொட்டகையில் மானை அடைக்காதீர்கள் என்பதும் இதனால்தான்.

நார்வேயின் ட்ரோம்சோ, பின்லாந்தின் ரொவானியெமி பக்கம் சுற்றுலாப் போகிறவர்களே, பண்ணைக்காரர் தரும் கைப்பிடித் தீவனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் அதே மானுக்கு ஊட்டக் காத்திருக்கிறார்கள். பையில் இருக்கும் பிஸ்கட் பையிலேயே இருக்கட்டும்.

மான் செத்துவிட்டால் மூன்றாவது சாகும் வரை காத்திருக்காமல் முதலாவதையே அறுத்துப் பார்க்கக் கூப்பிடுங்கள். செத்துச் சில மணி நேரம் போனாலே பெருவயிற்றின் பி.ஹெச். கணக்கு நம்பத்தக்கதல்ல. கூப்பிடும்போது மூட்டையின் அட்டையை எடுத்து வையுங்கள். எந்த நாளில் எத்தனை கிராம் போட்டீர்கள் என்ற குறிப்பும் வேண்டும். "ஏதோ போட்டோம்" என்பதை வைத்து எந்த மருத்துவராலும் எதையும் செய்ய முடியாது.