சொல் விளக்கம்: டிஸ்ப்ளே ஃபான்ட் என்னும் தலைப்பெழுத்துரு

சுவரொட்டியிலும் பெயர்ப்பலகையிலும் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும் எழுத்தை டிசைனர்கள் 'டிஸ்ப்ளே ஃபான்ட்' என்கிறார்கள். பக்கம் பக்கமாகப் படிக்க உருவானதல்ல அது. நாலைந்து சொற்களைப் பெரிதாகப் போட உருவானது.

'ஃபான்ட்' வார்ப்படப் பட்டறையில் பிறந்த சொல். உருக்கி ஊற்றுவதைக் குறிக்கும் 'ஃபுந்தெரே' என்ற இலத்தீன் வினை, பிரெஞ்சு 'ஃபோந்த்' வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அச்சுக்காக ஒரே அளவில், ஒரே பாணியில் வார்த்த ஈய எழுத்துகளின் தொகுதிக்கு அந்தப் பெயர். நேர்ச்சொல் வேண்டுமென்றால் 'வார்ப்பு' எனலாம். ஆனால் ஈயம் போய்க் கணினிக் கோப்பு வந்துவிட்ட பிறகு 'எழுத்துரு'தான் நிலைத்திருக்கிறது, பொருத்தமும் அதுவே.

'டிஸ்ப்ளே'யின் வேர் இலத்தீன் 'ப்ளிகாரே', அதாவது மடித்தல். மடித்ததை விரித்துக் காட்டுவது டிஸ்ப்ளே. 'காட்சி எழுத்துரு' என்று பலரும் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் திரையில் தெரியும் எழுத்தோ என்று குழப்பும். 'தலைப்பெழுத்துரு' என்றால் எங்கே போடுவது என்பது பெயரிலேயே இருக்கிறது. இதன் மறுபக்கம் 'பத்தி எழுத்துரு'.

தடித்த தலைப்பெழுத்துப் பாணி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டனில் விளம்பரச் சுவரொட்டிகள் பெருகியபோது தழைத்தது. பெரிய ஈய எழுத்து கனம் அதிகம். ஆறும்போது சீராக இறுகாமல் முகப்பு குழிந்துவிடும். 1827இல் நியூயார்க்கில் அச்சாளர் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்துக் குடையும் எந்திரத்தைப் புகுத்தினார். மலிவான, இலகுவான மர எழுத்து சுவரொட்டிகளை ஆண்டது. இன்று 'வின்டேஜ்' என்று விற்கப்படும் எழுத்துருக்கள் பலவற்றில் காணும் தேய்ந்த விளிம்பும் மை படாத திட்டுகளும் அந்த மரத்தின் சாயல்தான்.

தமிழில் தடிமன் கூட்டும்போது முதலில் அடிபடுவது உள்வெளி, அதாவது எழுத்தின் வளைவுக்குள் இருக்கும் வெற்றிடம். 'ண'வையும் 'ன'வையும் பிரிப்பது ஒரே ஒரு வளைவு. அந்த இடுக்கு அடைந்தால் 'மணம்' தூரத்தில் 'மனம்' ஆகிவிடும். புள்ளியும் பருத்து எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். தனித் தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் மென்பொருளின் 'போல்ட்' பொத்தான் இதை இன்னும் மோசமாக்கும், ஏனென்றால் அது கோட்டைச் சுற்றிலும் ஒரே அளவில் வீங்க வைக்கிறது. தடித்த எழுத்துருவாகவே வரைந்தவர் வளைவின் உள்பக்கத்தை மெலித்திருப்பார். இடம் நிரப்ப எழுத்தைப் பக்கவாட்டில் இழுப்பதும் கூடாது. நெடுங்கோடு பருக்கும், கிடைக்கோடு அப்படியே நிற்கும், தடிமன் விகிதம் கெடும்.

வரியிடைவெளியை ஆங்கிலத் தலைப்புக்குப் போல இறுக்கினால் மேல்வரி 'ரூ'வின் வால் கீழ்வரி 'கி'யின் கொக்கியில் இடிக்கும். பலகைக்கு, 10 அடி தொலைவுக்கு 1 அங்குல எழுத்து உயரம் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அந்த உயரத்தை 'ப'வில் அளக்க வேண்டும். கொக்கியையும் வாலையும் சேர்த்து அளந்தால் எழுத்து சிறுத்துப்போகும்.