குழந்தைகளுக்குப் புற்றுநோய் மருந்து செலுத்தும் கைகளைப் பழக்குதல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர்களுக்குப் பயிற்சியளிப்பது என் வேலை. சாட்ஸ்வர்த்திலிருந்து பேரனை அழைத்துவரும் ஆயா ஒருவர் அண்மையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்து ஏத்துற பொண்ணு புதுசா இருக்கே, அவளுக்குத் தெரியுமா சிஸ்டர்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பெற்றோர் எல்லோரும் கேட்க வேண்டியதும்கூட.

குழந்தைக்குரிய அளவு பெரும்பாலும் உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கப்படும் உடற்பரப்பைப் பொறுத்தது. 110 செ.மீ. உயரமுள்ள குழந்தை 19 கிலோ எடையிலிருந்து 16 கிலோவுக்கு இளைத்துவிட்டால், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் அளவு ஏறத்தாழ 1.14 மில்லிகிராமிலிருந்து 1.05 ஆகக் குறைகிறது. ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த வேறுபாடு, சிறு உடலுக்குச் சிறிதன்று. நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், போன மாத எடையை வைத்துக் கணித்த அளவை ஒரு செவிலி உரக்கப் படிக்க, மற்றவர் தலையசைத்துக் கையொப்பமிட்டதைப் பார்த்திருக்கிறேன். அது சரிபார்ப்பே அல்ல. ஆகவே அன்றைய எடையை அன்றே எடுக்கவும், இருவர் ஒருவர் தாளை மற்றவர் பாராமல் தனித்தனியே கணித்து, பிறகே விடைகளை ஒப்பிடவும் நான் பழக்குகிறேன்.

வின்கிரிஸ்டின் இரத்தக்குழாயில் மட்டுமே செல்ல வேண்டிய மருந்து. தவறித் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் செலுத்தப்பட்டால் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறித்துவிடும். முதுகில் ஊசி போடும் அதே நாளில், அந்த நீரில் செலுத்த வேண்டிய மருந்தும் வின்கிரிஸ்டினும் ஒரே தட்டில் வந்து நிற்பதே ஆபத்தின் தொடக்கம். அதனால்தான் வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் வைக்காமல் சிறு பையில் கலந்து கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது; பையை யாரும் முதுகு ஊசியில் பொருத்தத் துணியமாட்டார்கள். இதே மருந்து குழாய்க்கு வெளியே கசிந்தால் தசையை அரிக்கும். பெரியவர் "எரிகிறது" என்று சொல்லிவிடுவார். மூன்று வயதுக் குழந்தையோ ஊசியைக் கண்டதிலிருந்தே அழுதுகொண்டிருப்பதால், அழுகையை நம்பாமல் தோலைக் கண்ணால் பார்த்தபடியே நிற்க வேண்டும்.

இளவயதினரிடம் வேறொரு திறன் தேவை. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சியுள்ள 12 வயதுப் பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம். ஆனாலும் தாய் அருகிலிருக்கும்போது அந்த வயதுப் பையன் வலியை மறைப்பான். அவனோடு தனியே பேசச் சில நிமிடம் ஒதுக்குவதும் பயிற்சியின் பகுதியே.

வீட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு ஒன்றை மட்டும் மனப்பாடமாகச் சொல்லச் சொல்கிறோம்: காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், மாத்திரை கொடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அந்நாட்களில் தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும்.

அந்த ஆயாவின் பேரனுக்கு அன்று பையை இணைக்கும் முன், ஊசிக்குழாயில் இரத்தம் திரும்பி வரவில்லை, ஊசி நரம்புக்குள் இல்லாமலிருக்கலாம் என்று புதிய செவிலி நிறுத்திவிட்டாள். வேறு நரம்பு பார்த்து முடிக்க நேரமானது. ஆயா முகம் சுளித்தார். அவள் ஏன் நிறுத்தினாள் என்பதை அவர் பக்கத்தில் அமர்ந்து விளக்கிவிட்டு, அவளுடைய பயிற்சிப் படிவத்தில் அந்தப் பகுதிக்கு நான் கையொப்பமிட்டேன்.